மகள் எண்ணி வைத்த மாத்திரைகள்

எனக்கு முதலில் வந்தது பயம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அப்போது நான் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வளப்பூர் நாட்டு மலை ஊர்களிலிருந்து பலாப்பழம், குச்சிக்கிழங்கு, வாழைத்தார், மிளகு மூட்டை என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையை விட்டு இறங்கி, நாமக்கல் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவேன். எழுபது வளைவுகள். பதினோரு வருஷம் அதே ரோட்டில் ஓட்டியதில், எந்த வளைவுக்கு எந்த கியர் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. கை தானாகப் போகும்.

ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். வண்டி நிறைய பலாப்பழம். நல்ல வெயில், பனி மூட்டம்கூட இல்லை. நாற்பதுகளில் ஏதோ ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, இந்த வண்டி திரும்பாது என்று தோன்றியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வளைவுக்கு நடுவிலேயே பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டேன். செத்துப்போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. காலையில் அவள் ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள், அவசரத்தில் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அது மட்டும் மனசில் ஓடியது.

பின்னால் வந்த பஸ் நின்றது. அந்த டிரைவர் எனக்குப் பழக்கமானவர். இறங்கி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"ஏனப்பா, என்ன ஆச்சு?"

"கை வரமாட்டேங்குதுங்க."

அவர் என்னைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். பஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, கேஸ் தொந்தரவாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கல்ல, அப்புறம் என்னங்க?" என்றாள்.

ஒன்றும் இல்லை என்று சொன்னதுதான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஏதாவது இருந்திருந்தால் அதற்கு மருந்து சாப்பிட்டிருப்பேன். அடுத்த வாரம் மறுபடி வந்தது. அதற்கடுத்து வளைவுக்குப் போகவே வேண்டாம், வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாலே வந்தது. வாரத்துக்கு ஆறு நடை போனவன் இரண்டு நடை போக ஆரம்பித்தேன். அதுவும் இன்னொரு வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு.

பிறகு அந்தப் பயம் வண்டியை விட்டுவிட்டு என் மகளைப் பிடித்துக்கொண்டது. அவள் இருமினால் பயம். மரத்தில் ஏறினால் பயம். பள்ளிக்கூடம் போகிற வழி காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து போகும், பலா பழுக்கிற காலத்தில் கரடி வரும். கரடி எல்லா வருஷமும்தான் வருகிறது, நானும் அதே வழியில்தான் நடந்து படித்தேன். ஆனாலும் அவளைத் தனியாக அனுப்ப முடியவில்லை. கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போவேன். அவள் வகுப்புக்குள் நுழைந்த பிறகும் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். ஒருநாள் டீச்சர் வெளியே வந்தார்.

"நீங்க இப்படி நின்னா புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க. மத்த பிள்ளைங்க கிண்டல் பண்றாங்க. வேலைக்குப் போங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன், அவ்வளவுதான்.

அவள் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு தடவை பார்த்தால் போதாது. கொஞ்ச நாளில் அவளுக்கு அது தெரிந்துவிட்டது. நான் பக்கத்தில் வருகிற சத்தம் கேட்டதும் கண்ணை மூடியபடியே பெரிது பெரிதாக மூச்சு விட்டுக் காட்டுவாள். நான் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அப்பாவைச் சமாதானப்படுத்துவதை அவள் ஏழு வயசில் இப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. கோயிலில் கயிறு கட்டினோம். மந்திரிக்கிறவரிடம் போனோம். கடைசியில் என் மனைவி யாரையோ விசாரித்து நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் பயத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்தது. இரண்டு வாரத்தில் நெஞ்சு படபடப்பு குறைந்தது. மூன்றாவது வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். ஒரு மாசத்தில் பயம் என்ற ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. மூன்று மணி நேரம் தூங்கினால் போதும், நாள் முழுக்கச் சலிப்பே இல்லை. வீட்டுக்கு மஞ்சள் வண்ணம் அடிக்க ஆரம்பித்து முன்பக்கத்தோடு விட்டேன். மகளுக்கு ஊஞ்சல் கட்டினேன். அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். மரத்துக்கு மரம் கதை சொன்னேன். கொல்லிமலைப் பலாவை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறேன், பெரிய தொழிற்சாலை கட்டப் போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். என் மனைவி எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போய்விட்டு வந்து என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

"ஏனுங்க, கொஞ்ச நேரம் உக்காருங்க. காலையில இருந்து பேசிட்டே இருக்கீங்க."

எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. மகள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷமாக வேலிக்கு வெளியே நின்ற அப்பா இப்போது ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறார். அந்த ஒரு மாசம் மாதிரி நான் அவளோடு சந்தோஷமாக இருந்ததே இல்லை. அது நோய் என்று இன்று எனக்குத் தெரியும். அவளுக்கு அன்று அதுதான் அப்பா.

ஒரு சனிக்கிழமை அவள் நோட்டில் கடல் வரைந்துகொண்டிருந்தாள்.

"கடலு நம்ம ஏரி மாதிரி இருக்குமாப்பா?" என்று கேட்டாள். அவள் கடலைப் பார்த்ததில்லை.

"எதுக்குச் சொல்லணும்? வா சாமி, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றேன்.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. மகளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மலையை எப்படி இறங்கினேன் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. பாடிக்கொண்டே போனேன். "மெதுவாப் போங்கப்பா" என்று அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மூன்று தடவை வாந்தி எடுத்தாள். மூன்றாவது தடவை வண்டிக்குள்ளேயே எடுத்துவிட்டாள்.

அடிவாரத்து ஊரில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்து மிளகையெல்லாம் வாங்குகிறவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். வீடும் கடையும் ஒன்றாக இருக்கும். மகளுக்கு முகம் கழுவி விடலாம் என்று அங்கே நிறுத்தினேன். பாயின் மனைவி அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நான் பாயிடம் தொழிற்சாலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"மொதல்ல உக்காருங்க. டீ சாப்பிடுங்க. ரொம்பக் களைப்பாத் தெரியறீங்க" என்றார் அவர்.

நான் உட்காரவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன். பேசி முடித்ததும் வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டேன்.

மகளை மறந்துவிட்டேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷமாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்குக் கீழே அவளுடைய செருப்பு கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ராசிபுரம், ஆத்தூர், விருத்தாசலம் என்று எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தேன்.

நான் டீசல் போடப் போயிருக்கிறேன் என்று பாய் நினைத்திருக்கிறார். அவர்தான் பிற்பாடு இதையெல்லாம் எனக்குச் சொன்னார். மகள் கடை வாசலில் ஓர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாளாம். உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்காரு என்று கூப்பிட்டதற்கு, "அப்பா இப்ப வந்துருவாங்க, என்னைக் காணலைன்னா தேடுவாங்க" என்றாளாம். மத்தியானம் பாயின் மனைவி தட்டில் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறார். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறாள், அப்பாவுக்கு. என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆன பிறகுதான் அவளாகவே அம்மாவின் நம்பரைச் சொன்னாள். பாய் போன் செய்ததும் என் மனைவி பஸ் பிடித்து இறங்கி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் அழவில்லையாம். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

நான் கடலூரில் கடற்கரைக்குப் போய்விட்டேன். ஒரு பாட்டிலில் கடல் தண்ணியைப் பிடித்துக்கொண்டேன், மகளுக்குக் காட்டுவதற்கு. மறுநாள் அங்கே மீன்காரர்களிடம் சண்டை வளர்த்ததில் போலீஸ் என்னைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. என் மனைவியின் அண்ணன்தான் வந்து கூட்டிப் போனார்.

"பாப்பாவுக்குத் தண்ணி எடுத்து வெச்சிருக்கேன்" என்று அவரிடம் பாட்டிலைக் காட்டினேன்.

"பாப்பா எங்கன்னு தெரியுதா மாப்ள?" என்று கேட்டார்.

"வண்டியில தூங்குறா" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மாசத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர். என் மனைவியை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இதற்கு பைபோலார் என்று பேர், ஒரு சமயம் மேலே தூக்கிக்கொண்டு போகும், ஒரு சமயம் கீழே தள்ளும், அதோடு பயமும் சேர்ந்திருக்கிறது, பயத்துக்கு மட்டும் கொடுத்த மாத்திரை என்னை மேலே தூக்கிவிட்டுவிட்டது என்று சொன்னார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். என் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை காட்டுக்குள் போய்விடுவார். பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத் தாடியும் மீசையுமாக வந்து, அதற்குப் பிறகு மூன்று நான்கு மாசம் யாரோடும் பேசாமல் படுத்துக் கிடப்பார். ஊரில் அதைச் சாமி வந்து இறங்குகிறது என்று சொல்வார்கள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு மாத்திரை சாப்பிடணும்ங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆயுசுக்கும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தபோது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யுமாம். காப்பி டம்ளரை எடுத்தால் பாதி தரையில் சிந்தும். வண்டி ஓட்டுகிற பேச்சே இல்லாமல் போனது. அதை விற்றுவிட்டோம். மேலே ஏறியதற்கு ஈடாகக் கீழே இறங்கினேன். எட்டு மாசம், ஒன்பது மாசம் படுக்கையிலேயே கிடந்தேன். குளிக்க எழுந்திருக்க முடியாது. பேச வாயெடுத்தால் சொல் வராது. கடை வாசலில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மகள் மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றாள்.

அவள் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அறை வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வரமாட்டாள்.

"சாப்டீங்களாப்பா?"

நான் தலையை ஆட்டுவேன். அவள் போய்விடுவாள்.

அம்மா விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் மாத்திரை கொடுப்பது அவள் பொறுப்பாகிவிட்டது. காலைக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. பழைய டப்பா மூடியில் எண்ணி வைத்துக்கொண்டு, அதற்கு மட்டும் அறைக்குள் வருவாள். நான் முழுங்கியதும், "வாயத் தெறந்து காட்டுங்கப்பா" என்பாள். நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேனா என்று குனிந்து பார்ப்பாள். அவளுக்கு அப்போது பத்து வயசு.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் என் மனைவி குச்சிக்கிழங்குக் காட்டுக்கு அடிக்கப் பூச்சிமருந்து டப்பாவைத் தேடினாள். கொட்டகையில் இல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உங்க புள்ளதான் கொண்டாந்து குடுத்துச்சு. எங்கப்பா வந்து கேட்டாக் குடுத்துராதீங்கன்னு சொல்லுச்சு. கெணத்துக் கயிறும் எங்க ஊட்லதான் இருக்குது."

என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று என் மனைவிக்கே தெரியாது. பத்து வயசுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரிந்தது? எத்தனை நாளாகத் தெரிந்திருந்தது? அவளை உள்ளே கூப்பிட்டேன். கையில் மாத்திரை இல்லாமல் முதல் தடவையாகப் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா அப்படியெல்லாம் செய்யமாட்டேன் கண்ணு."

"சரிங்கப்பா" என்றாள்.

ஆனால் கயிற்றைத் திரும்ப வாங்கி வரவில்லை. அம்மா கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் தண்ணி எடுத்தோம்.

மெதுவாக எழுந்து நடமாட ஆரம்பித்தேன். காட்டில் களை பிடுங்கினேன், மிளகு காயப்போட்டேன். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்கக் கீழே போக வேண்டும். பஸ்ஸில்தான் போக முடியும். அம்மா வேலைக்கு லீவு போட முடியாத நாளில் மகள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வருவாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் என் கைமேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் பன்னெண்டு வளைவுதாங்கப்பா... இன்னும் பதினொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அதைப் பார்க்காத மாதிரி இருப்பாள்.

அப்படிப் போன ஒரு நாள், டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

"இது எனக்கும் வருமாங்க டாக்டர்?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"வரணும்னு இல்லம்மா. வராதுன்னும் நான் உறுதியாச் சொல்ல முடியாது. நல்லாத் தூங்கணும். மனசுல ஏதாவது கஷ்டமா இருந்தா மறைக்காமச் சொல்லணும்."

"யார்கிட்டங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயசு.

அடுத்த வருஷம் நான் செய்ததை மன்னிக்க முடியாது. நோய்மேல் பழி போடவும் முடியாது, ஏனென்றால் அதைச் செய்யும்போது எனக்கு நல்ல நினைவு இருந்தது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அவளுக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. அப்பா அம்மா இரண்டு பேரும் மேடைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நடுங்குகிற கையோடு மேடை ஏற எனக்கு இஷ்டமில்லை. மாத்திரை சாப்பிட்டால் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தாமதமாகும். ஒரு நாளாவது அவளுக்கு நல்ல அப்பாவாக நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதை விட்டு அப்போது வெகுநாள் ஆகியிருந்தது. என்னை நம்பிவிட்டாள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, வெளியே போய்க் காப்பிச் செடிக்குள் துப்பினேன். மூன்று வாரம் துப்பினேன்.

கை நடுக்கம் நின்றது. தலை தெளிந்தது. விழாவுக்கு முந்தின வாரமே பேச்சு கூடிவிட்டது என்று என் மனைவி சொன்னாள். "என் பொண்ணு பரிசு வாங்குறா, சந்தோஷப்படக் கூடாதா?" என்று கேட்டேன்.

மேடையில் அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். கை தட்டினார்கள். நான் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி மைக்கை வாங்கினேன். திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த மலையில் காலேஜ் கட்டப் போகிறேன் என்றேன். எல்லாருடைய பிள்ளைகளையும் கடலுக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்றேன். பாடினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். மைக்கை வாங்க வந்த ஒரு வாத்தியாரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன், அவர் நாற்காலியோடு விழுந்தார். கூட்டம் எழுந்து நின்றது. அப்போது மகள் மேடையைக் குறுக்கே கடந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாங்கப்பா. ஊட்டுக்குப் போலாம்."

"இதுதான் என் பொண்ணு. இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று நான் மைக்கில் சொன்னேன்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் கூடப் படிக்கிற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் கையை விடவில்லை. பரிசாகக் கொடுத்த புத்தகத்தை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு என்னைப் படியில் இறக்கி, ஆட்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனாள்.

மறுபடி ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

"அவளேதான் கேட்டா" என்றாள் என் மனைவி. "நான் கீழ போய்ப் படிக்கிறேன், இங்க இருந்தா எனக்குப் படிப்பு வராதும்மான்னு சொன்னா. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

"என்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

"நீங்க அப்ப கேக்கற நெலமையிலயா இருந்தீங்க?"

மகளுடைய துணியெல்லாம் கொடியிலிருந்து போயிருந்தது. மாத்திரை டப்பாவின்மேல், எது காலைக்கு எது இரவுக்கு என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது அவளுக்குப் பதினேழு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மாத்திரை போட்டீங்களா, ரத்தம் குடுத்தீங்களா, தூக்கம் வருதா. இதே மூன்று கேள்விதான். போட்டேன், குடுத்தேன், வருது என்பேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். அம்மாவிடமும் அதே மூன்றையும் கேட்பது எனக்குக் கேட்கும். நான் சொல்வதை அவள் நம்புவதில்லை. நம்ப வேண்டிய காரணமும் இல்லை. உனக்கு எப்படி இருக்கு கண்ணு என்று நான் கேட்டால், "நல்லா இருக்கேங்கப்பா" என்று சட்டென்று சொல்லிவிடுவாள். அவளுக்கும் தூக்கம் வராமல் இருக்கலாம். நெஞ்சு படபடக்கலாம். வந்தால் என்னிடம் சொல்லமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

லீவுக்கு வருவது குறைந்துவிட்டது. போன மாசம் இரண்டு நாள் வந்திருந்தாள், காலேஜுக்குப் போடுகிற விண்ணப்பப் பாரம் எடுத்துக்கொண்டு. எந்தெந்தக் காலேஜ் என்று பார்த்தேன். எல்லாம் சென்னையில் இருந்தன.

"எல்லாமே தூரமா இருக்குதே சாமி."

"ஆமாங்கப்பா."

பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். நான் பேனாவை வாங்கினேன். முதல் எழுத்திலேயே பேனா கோட்டுக்கு வெளியே போய்விட்டது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டேன். ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி வந்தது. அவள் பையிலிருந்து பழைய பள்ளிக்கூடக் காகிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் நான் வண்டி ஓட்டிய காலத்தில் போட்ட கையெழுத்து இருந்தது.

"இது அது மாதிரி இல்லீங்கப்பா. திருப்பி அனுப்பிருவாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் வந்தவர்களிடம் சொல்வது மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவ போட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாங்கப்பா. இன்னொரு பாரம் வெச்சிருக்கேன்." அவள் சமையல் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க வந்து போடுங்க. கார்டியன்னு உங்க பேரே போட்டுக்கலாம்."

என் மனைவி கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் எழுந்து இடம் விட்டேன். அவள் எழுத்துக் கூட்டி மெதுவாகத் தன் பேரை எழுதினாள். மகள் அந்த மை காய்கிற வரைக்கும் காகிதத்தை ஊதினாள்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் வர நேரமானது. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். அவளிடம் கேட்க எனக்கு எத்தனையோ இருந்தது, எதை எடுத்தாலும் அவள் என்னைத் தேற்ற வேண்டி வந்துவிடுமே என்று ஒன்றையும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொண்டாள்.

"மழை பலக்குது, நீங்க ஊட்டுக்குப் போங்கப்பா. நான் போய்ச் சேர்ந்துட்டு அம்மாவுக்குப் போன் பண்றேன்."

பஸ் போய்விட்டது.

போன தடவை டாக்டர், நோய் இப்போது நல்ல கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னார். நாலு வருஷமாக மேலேயும் போகவில்லை, ரொம்பக் கீழேயும் விழவில்லை. சாப்பிடுகிறேன், காட்டுக்குப் போகிறேன், வந்து படுக்கிறேன். என் மகள் வளர்ந்த வருஷங்களில் பயந்தவனாக இருந்தேன், பைத்தியமாக இருந்தேன், படுத்துக் கிடந்தேன். கட்டுக்குள் வந்த இந்த ஆளை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் இனி வரப்போவதும் இல்லை. அவள் சென்னைக்குப் போய்விடுவாள். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, சொல்லவும் மாட்டேன். போகட்டும் என்று மனசார நினைக்கவும் எனக்கு வரவில்லை.